வாகனங்களுக்கு இடையே கம்பியில்லா எச்சரிக்கை: கருவியைப் பொருத்திச் சோதிக்கும் முறை

முன்னால் செல்லும் லாரி பார்வையை மறைத்திருக்கும்போது, அதற்கும் அப்பால் போகும் கார் திடீரென்று பிரேக் பிடித்தால், அதன் சிவப்பு விளக்கு நம் கண்ணுக்குப் படாது; நம் வண்டியின் கேமராவுக்கும் பெரும்பாலும் அதே நிலைதான். அந்தக் கார் தன் வேகத்தையும் இருப்பிடத்தையும் வானொலி அலையில் தானே அறிவித்துக்கொண்டே சென்றால், லாரி ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போகும் முன்பே நமக்கு எச்சரிக்கை வந்துவிடக்கூடும். இந்த ஏற்பாட்டை இரண்டு வாகனங்களில் பொருத்தி, பொதுப் போக்குவரத்து நுழையாத மூடிய பாதையில் சோதிக்க விரும்பும் பொறியாளர்களுக்கும் மாணவர்களுக்கும் இவ்வழிகாட்டி உதவும். அலைபரப்பும் பகுதி எதிர்பார்ப்பதைவிட எளிதாகவே அமைந்துவிடும். உழைப்பு முழுவதையும் கேட்பது இருப்பிடக் கணிப்பும் பொய் எச்சரிக்கையைத் தவிர்ப்பதும்தான்.

கருவி வாங்கும் முன் எந்தத் தொழில்நுட்பம் என்பதை முடிவுசெய்ய வேண்டும். வைஃபை குடும்பத்தைச் சேர்ந்த 802.11p ஒன்று, கைப்பேசித் தரங்களிலிருந்து வளர்ந்த சி-வி2எக்ஸ் மற்றொன்று. இரண்டுமே செல்பேசிக் கோபுரத்தின் துணையின்றி வாகனத்திலிருந்து வாகனத்துக்கு நேரடியாகச் செய்தி அனுப்பக்கூடியவை; இரண்டும் 5.9 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்குபவை; ஆயினும் ஒன்றின் செய்தி மற்றதற்குப் புரியாது. அமெரிக்கா 1999இல் இதற்கென ஒதுக்கிய 75 மெகாஹெர்ட்ஸில் 45ஐ 2020இல் வைஃபை போன்ற பயன்பாடுகளுக்குத் திருப்பிவிட்டு, எஞ்சிய 30ஐ சி-வி2எக்ஸ் பக்கம் நகர்த்தியது. ஐரோப்பாவிலோ எட்டாம் தலைமுறை வோக்ஸ்வாகன் கோல்ஃப் 802.11p வழியையே எடுத்துக்கொண்டது. ஜப்பான் 760 மெகாஹெர்ட்ஸில் தனி வழி போட்டுக்கொண்டது. ஆகவே இரு வாகனங்களிலும் ஒரே தொழில்நுட்பமும் ஒரே செய்தித் தரமும் இருப்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். வேறு நாட்டுக்கென்று செய்த கருவியை உங்கள் நாட்டு அலைவரிசை ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி இல்லாமல் இயக்கக் கூடாது.

அடுத்தது ஆன்டெனா. 5.9 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர்தான் என்பதால், உலோகத் தடையைச் சுற்றி வளைந்து செல்லும் திறன் அதற்கு மிகக் குறைவு. எனவே ஆன்டெனாவைக் கூரையின் நடுவில், உலோகப் பரப்பின் மேல் வைக்க வேண்டும். டேஷ்போர்டில் வைத்தால் முன்பக்கம் மட்டும் ஓரளவு வேலைசெய்து நம்மை ஏமாற்றும். கேபிளின் நீளத்திலும் கவனம் தேவை. இந்த அதிர்வெண்ணில் மெல்லிய கேபிள் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 1 டெசிபெலோ அதற்கு மேலோ விழுங்கிவிடும். மூன்று மீட்டர் போட்டால் குறைந்தது 3 டெசிபெல், அதாவது பாதி ஆற்றல், கேபிளிலேயே போய்விடும். கருவியைக் கூரைக்கு அருகில் பொருத்துவது விலையுயர்ந்த ஆன்டெனா வாங்குவதைவிட நல்லது.

இனி இருப்பிடம். திறந்த வானத்தின் கீழேயே சாதாரண ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். ஒரு தடத்தின் அகலமோ சுமார் 3.5 மீட்டர். முன்னால் நிற்கும் வண்டி நம் தடத்தில் உள்ளதா, பக்கத்துத் தடத்தில் உள்ளதா என்று தெரியாத கருவி, எச்சரிக்க வேண்டிய இடத்தில் மௌனமாக இருக்கும், வேண்டாத இடத்தில் அலறும். செயற்கைக்கோள் வழித் திருத்தம் பெறும் ஜிபிஎஸ் ஏற்பியையாவது பயன்படுத்துங்கள். தரை நிலையத்திலிருந்து உடனுக்குடன் திருத்தம் பெறும் ஆர்டிகே முறையில் சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியம் கிடைக்கும் என்றாலும், அதைச் சோதனையின்போது ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாக வைத்துக்கொள்வதே பொருத்தம், ஏனெனில் சாலையில் ஓடும் எல்லா வண்டியிலும் அது இருக்காது.

இங்கே பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. ஏற்பி சொல்வது கூரையில் உள்ள ஆன்டெனாவின் இருப்பிடம்; செய்தியில் போக வேண்டியது அதுவன்று. அமெரிக்கத் தரத்தின்படி வாகனத்தின் மையத்தையும், ஐரோப்பியத் தரத்தின்படி வாகனத்தின் முன்முகப்பின் நடுப்புள்ளியையும் அனுப்ப வேண்டும். ஆன்டெனாவிலிருந்து அப்புள்ளிக்கு உள்ள தூரத்தை அளவுநாடாவால் அளந்து கருவியில் பதியுங்கள். வாகனத்தின் நீள அகலத்தையும் அவ்வாறே பதியுங்கள். தொழிற்சாலை இட்ட மதிப்புகளை அப்படியே விட்டால், நீண்ட பேருந்து ஒன்று சிறு காராகத் தெரியும். அதன் பின்முனை பல மீட்டர் முன்னால் இருப்பதாகக் கணக்காகும். நேரக் கணக்கிலும் இத்தகைய பொறி உண்டு: ஜிபிஎஸ் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 18 வினாடி முந்தியது. மென்பொருளின் ஒரு பகுதி ஒன்றையும் இன்னொரு பகுதி மற்றதையும் பயன்படுத்தினால், வந்த செய்திகளெல்லாம் பழையவை என்று தள்ளப்பட்டுவிடும். ரேடியோ கெட்டுவிட்டதாக எண்ணி நாள்கணக்கில் தேட நேரிடும்.

வேகம், பிரேக், ஸ்டீயரிங் கோணம் ஆகியவற்றை வாகனத்தின் கேன் பஸ்ஸிலிருந்து (அதன் மின்னணுப் பகுதிகளை இணைக்கும் உள் தகவல் வலையிலிருந்து) படித்துக்கொள்ளலாம். படிக்க மட்டுமே செய்யும் இணைப்பைப் பயன்படுத்துங்கள். அதில் எதையும் எழுத விடாதீர்கள். செய்திகளுக்கு மின்னணுக் கையொப்பமும் கட்டாயம். அது இல்லையென்றால் மடிக்கணினி வைத்திருக்கும் எவரும் சாலையில் இல்லாத காரை இருப்பதாகக் காட்டிவிடலாம். ஒரே சான்றிதழை நெடுநேரம் பயன்படுத்தினால் வாகனத்தின் பயணத்தைப் பிறர் பின்தொடர முடியும் என்பதால், அடிக்கடி மாறும் தற்காலிகச் சான்றிதழ்களை இம்முறை பயன்படுத்துகிறது. சோதனைச் சான்றிதழ்கள் காலாவதியாகும் நாளைக் குறித்துவையுங்கள்.

சோதனையை நின்ற நிலையில் தொடங்குங்கள். ஒரு வண்டியை நிறுத்திவிட்டு, மற்றதை 50 மீட்டர் இடைவெளிகளில் நகர்த்தி, 300 மீட்டர் வரை எத்தனை செய்திகள் வந்து சேர்கின்றன என்று பதிவுசெய்யுங்கள். அமெரிக்கத் தரத்தில் வழக்கமாக வினாடிக்கு 10 செய்திகள் செல்லும். ஐரோப்பியத் தரத்தில், வண்டி 4 மீட்டர் நகர்ந்தாலோ, திசை 4 பாகை திரும்பினாலோ, வேகம் வினாடிக்கு 0.5 மீட்டர் மாறினாலோதான் அடுத்த செய்தி உடனே புறப்படும், இல்லையெனில் வினாடிக்கு ஒன்றுதான் வரும். நிற்கும் வண்டி குறைவாக அனுப்புவதைப் பார்த்துக் கருவி பழுது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். சராசரி இழப்பைவிடத் தொடர் இழப்பே முக்கியம்: மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 27.8 மீட்டர் ஓடுகிறது. ஒரு செய்தி தவறினால் ஏறத்தாழ 3 மீட்டர்தான் இழப்பு, தொடர்ந்து பத்து தவறினாலோ 28 மீட்டர் கண்மூடிப் போனதற்குச் சமம். இரு வண்டிகளுக்கும் இடையில் ஒரு லாரியை நிறுத்தியும் இதே அளவீட்டை எடுங்கள்.

பிறகு ஓடும் நிலைச் சோதனை. உண்மையாகவே முன்வண்டியின் பின்னால் நெருங்கிச் சென்று பார்ப்பது ஆபத்து. இரு வண்டிகளையும் அடுத்தடுத்த தடங்களில் ஓட்டி, முன்வண்டி அனுப்பும் இருப்பிடத்தில் ஒரு தடத்தின் அகலத்தை மென்பொருளில் கூட்டிவிட்டால், அது நம் தடத்திலேயே இருப்பதாகக் கருவி நம்பும், மோதலுக்கு இடமிராது. கடும் பிரேக் என்பதற்கு 0.4 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.4 பங்கு) அளவு வேகக்குறைப்பை எல்லையாகக் கொள்வது வழக்கம். அதற்குச் சற்றுக் குறைவாகவும் சற்றுக் கூடுதலாகவும் பிரேக் பிடித்துப் பாருங்கள். அதைவிட அதிக நேரத்தை எச்சரிக்கை வரக்கூடாத சூழல்களுக்கு ஒதுக்குங்கள்: எதிர்த்திசை வண்டி பிரேக் பிடிப்பது, வளைவில் பக்கத்துத் தட வண்டி நிற்பது, நாம் மேம்பாலத்தின் மேல் போகும்போது அதன் கீழ் வண்டி நிற்பது. இக்கடைசிச் சூழலில் உயரத் தகவல் சரியில்லாத கருவி எளிதில் ஏமாறும். இரண்டு மூன்று முறை காரணமின்றிக் கத்திய கருவியின் ஒலியை ஓட்டுநர் அணைத்துவிடுவார். அதற்கு அவரைக் குறைசொல்லவும் முடியாது.

எச்சரிக்கையை ஒலியாகவும் ஒரே குறியீடாகவும் மட்டும் கொடுங்கள். திரையில் வாக்கியம் படிக்கவைக்காதீர்கள். ஓட்டுநர் உணர்ந்து செயல்பட ஒன்றரை வினாடி ஆகும் என்று கொண்டால், மேற்சொன்ன வேகத்தில் அதற்குள் சுமார் 42 மீட்டர் கடந்திருக்கும். எனவே எச்சரிக்கை எழும் தூரத்தை இதற்கு மேல் பிரேக் தூரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். கருவி பொருத்தாத வண்டிகள் இம்முறைக்குத் தெரியவே தெரியா என்பதை ஓட்டுநருக்குப் பயிற்சியின்போதே சொல்லிவிடுங்கள். கூரையில் சுமைச்சட்டம் பொருத்தினாலோ, ஆன்டெனாவை இடம் மாற்றினாலோ, மென்பொருளைப் புதுப்பித்தாலோ, நின்ற நிலைச் சோதனையை மீண்டும் செய்து பழைய பதிவோடு ஒப்பிட்ட பின்னரே வண்டியை வெளியே எடுக்க வேண்டும்.