அன்டிஒக்சிடன்ட் மாத்திரை வாங்கும் முன் போத்தலைத் திருப்பிப் பாருங்கள்

அன்டிஒக்சிடன்ட் என்பது உடம்பின் கலங்கள் சிதையாமல் காக்கும் என்று விற்கும் விற்றமின் சி, ஈ, பீற்றா கரோட்டின் போன்ற சத்து. பார்மசியில் போத்தலைக் கையில் எடுத்ததும் பின்பக்கச் சின்ன எழுத்தைப் படியுங்கள். என்ன சத்து, ஒரு மாத்திரையில் எவ்வளவு, நாளைக்கு எத்தனை மாத்திரை என்று பார்க்க வேண்டும். சில போத்தல்களில் போட்டிருக்கும் அளவு இரண்டு மாத்திரைக்கு உரியது. விற்றமின் ஈயை 'ஐ.யூ' என்ற அலகில் போடுவார்கள். 400 ஐ.யூ என்றால், 'டி-ஆல்பா' என்ற இயற்கை வகையில் சுமார் 268 மில்லிகிராம், 'டிஎல்-ஆல்பா' என்ற செயற்கை வகையில் 180. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 15 மில்லிகிராம்தான்.

பீடி, சிகரெட் குடிப்பவர்களும் முன்பு குடித்து நிறுத்தியவர்களும் பீற்றா கரோட்டின் மாத்திரையைத் தொடவே கூடாது. கேரட், கீரை நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்ததால், அதிலுள்ள கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் காப்பாற்றும் என்று நம்பினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. தினம் 20 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு அந்தப் புற்றுநோய் 18 வீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் இதே போன்ற ஆய்வொன்றை 1996இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். தினம் 400 ஐ.யூ விற்றமின் ஈ எடுத்த ஆண்களுக்குப் புரஸ்டேட் புற்றுநோய் 17 வீதம் கூடியதாக 2011இல் இன்னொரு ஆய்வு சொன்னது. நுவரெலியாக் கேரட்டுக்கு இந்தப் பயம் வேண்டாம். கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கினால் அதன் கரோட்டின் உடம்பில் நன்றாகவே சேரும்.

மாத்திரை உண்மையிலேயே உதவும் இடங்களும் உண்டு. வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேயும் நோய் நடுத்தரக் கட்டத்தில் இருந்தால், விற்றமின் சி, ஈ, நாகம் (சிங்க்), செப்பு, லூட்டின், சியாக்சாந்தின் சேர்ந்த மாத்திரை அது முற்றுவதைக் குறைக்கும். கண் டொக்டர் பார்த்துச் சொன்ன பிறகே இதை எடுக்கலாம்.

நம் பக்கத்துக்கு இதைவிட முக்கியம் இரத்தச்சோகை. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இரும்பு மாத்திரையோடு விற்றமின் சியும் கொடுப்பது, இரும்பு உடம்பில் சேர அது கைகொடுப்பதால். ஆனால் தேத்தண்ணியிலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலையில் ரொட்டியும் சாயத்தண்ணியுமாக இருக்கும்போதே மாத்திரையையும் போட்டால் பாதிப் பலன் போய்விடும். இரும்பையும் விற்றமின் சியையும் வெறும் தண்ணீரில் ஒன்றாகப் போடுங்கள். தேத்தண்ணிக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கல்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு வையுங்கள். விற்றமின் சி மாத்திரை தீர்ந்துவிட்டால் சாப்பாட்டோடு ஒரு கொய்யா போதும். நடுத்தரப் பழம் ஒன்றில் 100 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி இருக்கிறது. பெண்களுக்கு நாளைக்கு 75, ஆண்களுக்கு 90 மில்லிகிராமே தேவை.

1000 மில்லிகிராம் விற்றமின் சி உள்ள கரையும் மாத்திரையில் பாதியளவு உடம்பில் சேராமலே போகும். தொடர்ந்து எடுத்தால் வயிற்றோட்டம் வரலாம், முன்பே சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குத் திரும்பவும் வரலாம். அது நுரைத்துக் கரைவதற்காகச் சேர்க்கும் சோடியம் பிரஷர்காரருக்கு ஆகாது. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்கள் டொக்டர் சொல்லாமல் எடுக்கவே வேண்டாம்.

கிரீன் டீ கெப்சூல் வேறு கதை. கோப்பையில் குடிக்கும் தேயிலை பிரச்சினை இல்லை, பிழிந்து செறிவாக்கிய சாறுதான் பிரச்சினை. இஜிசிஜி என்ற சத்து நாளைக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் ஈரலில் கோளாறு காட்டக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் எச்சரித்தது. சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போனால், கண் மஞ்சளானால், கெப்சூலை அன்றே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள், போத்தலையும் கொண்டுபோங்கள்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் வோபரின் குடிப்பவர்களுக்குப் பெரிய அளவு விற்றமின் ஈ இரத்தப்போக்கைக் கூட்டும். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுபவர்கள் அந்த டொக்டரிடம் கேட்காமல் எதையும் சேர்க்கக்கூடாது. கர்ப்பமாக இருப்பவர்கள் போத்தலில் 'ரெட்டினோல்' என்ற விற்றமின் ஏ வகை இருக்கிறதா என்று தேடுங்கள். நாளைக்கு 10,000 ஐ.யூவைத் தாண்டினால் குழந்தைக்கு ஊனம் வரும் ஆபத்து உண்டு. செலனியம் என்ற தாதுச்சத்து நாளைக்கு 400 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் முடி கொட்டலாம், நகம் உடையலாம். எந்த மாத்திரையானாலும் பெயரையும் அளவையும் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். டொக்டர் கேட்கும்போது 'ஒரு சத்து மாத்திரை' என்று மட்டும் சொன்னால் அவருக்கு எதுவும் விளங்காது.

காசை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் வல்லாரைச் சம்பலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவி, உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மறுபடி அலசுங்கள். நறுக்கியது வாடுமுன் தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுப் பிசையுங்கள். விற்றமின் சி சூட்டில் அழியும் என்பதால் அடுப்பில் வைக்காமல், தேசிக்காயைச் சாப்பிட உட்காரும்போது பிழியுங்கள்.