மூணு வாரம் ரீடெய்னர் போடாம நகர்ந்த பல்ல திரும்ப சரி பண்ணது

பல்லுல கிளிப் கழட்டி எட்டு மாசம் இருக்கும், அக்கா கல்யாண வேலைல, நேராக்குன பல்லு திரும்ப நகராம இருக்க மாட்டற ரீடெய்னர டப்பாவோட வீட்லயே வச்சுட்டு ஊருக்குப் போயிட்டேன், மூணு வாரம் போடவே இல்ல. திரும்பி வந்து மாட்டுனா கீழ் முன்பல்லுகிட்ட அப்படி ஒரு இறுக்கம், ஒரு ஓரம் தூக்கிட்டு உக்காரவே மாட்டேங்குது, நாக்கால தடவுனா ஒரு பல்லு லேசா முன்னாடி வந்திருக்கு. ரெண்டு வருஷம் கம்பி போட்டு பட்ட வலியெல்லாம் ஞாபகம் வந்து அழுகையே வந்துருச்சு.

கடிச்சு அழுத்தாம மறுநாளே டாக்டர்கிட்ட போனேன். பல்லச் சுத்தி இருக்கற நாரு இழுத்த ரப்பர் மாதிரி பழைய இடத்துக்கே இழுக்குமாம், எலும்பு கெட்டியாகவும் டைம் ஆகுமாம். நகர்ந்தது கொஞ்சம்தாங்கறதால, சாப்பிடற நேரம் பல் தேய்க்கற நேரம் தவிர நாள் முழுக்க அதையே போடச் சொன்னார். முதல் நாலு நாள் நல்ல வலி, ரெண்டாவது வாரம் டக்குனு உக்காந்துச்சு பாருங்க, அந்த சத்தம் கேட்டப்ப தான் நிம்மதி. இப்ப தினமும் ராத்திரி போடறேன்.

சுடுதண்ணில மட்டும் கழுவிராதீங்க, கண்ணாடி மாதிரி இருக்கற பிளாஸ்டிக் ரீடெய்னர் வளைஞ்சிரும், பச்சத்தண்ணியும் சாஃப்ட் பிரஷ்ஷும் போதும். சுத்தமா உள்ள போகலன்னா டாக்டர்கிட்ட காட்டிருங்க, புதுசுக்கு அளவெடுக்க வேண்டி வரலாம்.