பல் எடுத்த அன்றைக்குக் கொப்பளிக்காதீர்கள்

பல் எடுத்துவிட்டு வருகிறவர்கள் அதிகம் கேட்பது, "உப்புத்தண்ணீரில் எப்போது கொப்பளிக்கலாம்?" என்பதுதான். முதல் 24 மணி நேரம் வேண்டவே வேண்டாம். குழியில் உறைகிற ரத்தம்தான் உள்ளே இருக்கும் எலும்பையும் நரம்பையும் மூடிக் காக்கிறது. கொப்பளித்தாலோ, ஓங்கித் துப்பினாலோ, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினாலோ அது கழன்று, அப்புறம் மூன்றாம் நாள் வாக்கில் காதுவரை இழுக்கிற வலி வந்துவிடும். வைத்துவிட்ட பஞ்சை அரை மணி, முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள், சும்மா சும்மா எடுத்துப் பார்க்காதீர்கள். எச்சிலில் லேசாகச் சிவப்பு தெரிவது அன்று சகஜம்.

மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ பல் எடுத்துவிட்டு வரும் வழியில் கரிக்கு (இளநீர்) குடிக்கத் தோன்றினால், பஞ்சை எடுத்த பிறகு தம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். சாப்பாட்டுக்கு ஆறின கஞ்சி நல்லது, குழைய வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) ஆகும், ஆனால் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி (துவையல்) தொட்டுக்கொள்ள வேண்டாம். பீடி, சிகரெட், வெற்றிலை பாக்கு எதையும் குறைந்தது மூன்று நாள் தொடக்கூடாது, இதில் தயவுசெய்து பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

மறுநாள் முதல் இளஞ்சூட்டு உப்புத்தண்ணீரை வாயில் வைத்து மெதுவாகச் சாய்த்து விட்டால் போதும்.

வீட்டில் பெரியவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்களா? பல் எடுக்கும் முன்பே டாக்டரிடம் மருந்துச் சீட்டைக் காட்டுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். ரத்தம் நிற்காவிட்டால், காய்ச்சலோ கூடிக்கொண்டே போகும் வீக்கமோ இருந்தால், காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.