ரெட் ஒயினுக்குச் சீஸ் வாங்கும்போது செய்யும் தவறுகள்

மரப்பலகை, அதன் மேல் நாலைந்து வகை சீஸ், ஒரு கொத்து திராட்சை, பக்கத்தில் கருஞ்சிவப்பாக ஒரு கிளாஸ். படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதை நம்பி நானும் ஒருமுறை நல்ல காசு கொடுத்து பிரான்ஸின் போர்தோ பகுதி ரெட் ஒயின் ஒன்றும், விரல் பட்டாலே குழைகிற அளவுக்குக் கனிந்த பிரீ என்ற மென்மையான சீஸும் வாங்கி வந்தேன். ஒரு துண்டு வாயில் போட்டு மேலே ஒரு மிடறு குடித்தேன். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் ஒரு களிம்பு வாடை வருமே, அதேதான். சீஸும் நல்ல சீஸ், ஒயினும் நல்ல ஒயின், சேர்த்ததுதான் தப்பு.

ரெட் ஒயின் என்றால் சீஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவதுதான் முதல் கோளாறு. இங்கிலாந்து ஒயின் வியாபாரிகளிடம் பழைய பேச்சு ஒன்று உண்டு: ஆப்பிளோடு வாங்கு, சீஸோடு வில். ஆப்பிளைக் கடித்துவிட்டுக் குடித்தால் ஒயினின் குறை பளிச்சென்று தெரிந்துவிடும், சீஸ் தின்றுவிட்டுக் குடித்தால் மட்டமான ஒயின்கூடத் தப்பித்துக்கொள்ளும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 8 ரெட் ஒயின்களையும் 8 சீஸ்களையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, பயிற்சி பெற்றவர்களைச் சுவைக்கச் சொல்லிப் பார்த்தார்கள், 2006இல் அது வெளியானது. பழ வாசனை, மரப்பீப்பாய் வாசனை, புளிப்பு, துவர்ப்பு எல்லாமே சீஸுக்குப் பிறகு மங்கிப்போனது, வெண்ணெய் வாசனை மட்டும்தான் கூடியது. ஆகவே வீட்டில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் விலையுயர்ந்த பாட்டிலைச் சீஸுக்காகத் திறக்காதீர்கள், நடுத்தர ஒயின் போதும்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? துவர்ப்பைப் பார்த்து. டானின் டானின் என்று பெரிய விஷயம் மாதிரிச் சொல்வார்கள், கொட்டைப்பாக்கை வெறுமனே மென்றால் நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அதுதான். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து ஒயினில் இறங்குகிறது, நம் எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது, வாய் வறண்டுபோகிறது. அதிகமாகக் கொதித்துவிட்ட டிக்காஷனில் பாலை ஊற்றியதும் டீயின் துவர்ப்பு அடங்குகிறது இல்லையா, அங்கே பால் புரதம் போய் டானினைப் பிடித்துக்கொள்கிறது. சீஸும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதனால் கபெர்னே சாவிஞான், பரோலோ மாதிரி துவர்ப்பு தூக்கலான ஒயினுக்கு, ஈரம் வற்றி, புரதமும் கொழுப்பும் இறுகிய பழைய சீஸ் வேண்டும்: முதிர்ந்த செடார், முதிர்ந்த கௌடா, 24 மாதம் வைத்த பார்மிஜானோ ரெஜ்ஜானோ. இந்தக் கடைசியைக் கத்தியால் சீவாமல் உடைத்துப் பாருங்கள், உடைந்த பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொடிமணிகள் தெரியும், பல்லில் நறநறக்கும். உப்பு என்று நினைப்பவர்கள் உண்டு, அது புரதம் சிதைந்து உருவாகும் டைரோசின் படிகம், நன்றாக முதிர்ந்ததற்கு அடையாளம்.

பிரீயும் கேமம்பேரும் இதற்கு நேர் எதிர். மேல்தோல் வெண்பூஞ்சை, கனியக் கனிய அதிலிருந்து அம்மோனியா வாடை கிளம்பும், துவர்ப்பான ரெட்டோடு மோதினால் கசப்பும் உலோக ருசியும்தான் மிச்சம். ரெட்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், அவ்வளவாகக் கனியாத பிரீயாக வாங்கி, தோலை நீக்கிவிட்டு, துவர்ப்பு குறைந்த போஜொலேயோ பீனோ நுவாரோ ஊற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது, கடுமையான சீஸுக்குக் கடுமையான ஒயின் என்கிற கணக்கு. ரோக்ஃபோர் போன்ற நீலப்பூஞ்சை சீஸ்களில் உப்பு ஏராளம், துவர்ப்பான ஒயினோடு சேர்த்தால் கசப்புத்தான் தூக்கலாகத் தெரியும். அதற்கு வேண்டியது இனிப்பு ஒயின். ரோக்ஃபோருக்கு சொதெர்ன் என்று பிரெஞ்சுக்காரர்களும், தங்கள் நீலப்பூஞ்சை சீஸான ஸ்டில்டனுக்கு போர்ட் என்று இங்கிலாந்துக்காரர்களும் சும்மா சொல்லவில்லை. போர்ட்டும் சிவப்புத்தானே என்று கேட்டால், ஆமாம், ஆனால் தித்திப்பு.

ஒரே ஊர்ச் சரக்கு ஒத்துப்போகும் என்பதும் பாதிதான் உண்மை. ஸ்பெயினின் மான்செகோ சீஸும் அந்த நாட்டு டெம்ப்ரனியோ ரெட்டும் பிரமாதமாகச் சேரும். ஆனால் அதே விதியை பிரான்ஸின் லுவார் பக்கம் கொண்டுபோனால் ஷவிஞோல் ஆட்டுப்பால் சீஸுக்கு சான்சேர் வெள்ளை ஒயின் என்று வரும், அந்த நாட்டின் ஜுரா பகுதி கோம்தே சீஸுக்கு வான் ஜோன் என்ற மஞ்சள் ஒயின் வரும், அதுவும் வெள்ளைத் திராட்சையில் செய்ததுதான். ஊர்ப் பொருத்தம் பார்த்துக்கொண்டே போனால் பல இடங்களில் ரெட்டை விட்டு வெளியே வந்துவிடுவீர்கள், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

ஒரு பாட்டிலைச் சுற்றி ஆறு வகை சீஸ் அடுக்குவதும் வீண். இரண்டு போதும், அதிகபட்சம் மூன்று.

அப்புறம் சூடு. சீஸை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வெட்டினால் கொழுப்பு இறுகிக் கிடக்கும், வாசனையே வராது, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே வெளியே வையுங்கள். சென்னை மே மாதத்தில் அரை மணியே அதிகம். ரெட்டின் கதை தலைகீழ். ரூம் டெம்பரேச்சரில் குடி என்று எழுதி வைத்தவர்கள் மனதில் இருந்தது ஐரோப்பிய வீட்டின் 16 முதல் 18 டிகிரி, நம் வீட்டு 32 இல்லை. அந்தச் சூட்டில் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும், எனவே பாட்டிலை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைப்பது ஒன்றும் பாவமில்லை.

மிளகாய் கலந்த சீஸை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள், ஒயினின் எரிச்சல் இரண்டு மடங்காகத் தெரியும். ஜாமும் தேனும் அப்படித்தான், அந்தத் தித்திப்புக்குப் பின்னால் இனிப்பில்லாத ரெட் வெறும் புளிப்பாக நிற்கும். வெறும் ரொட்டி வைத்துக்கொள்ளுங்கள். மீந்துபோன என் பிரீயை மறுநாள் காலை அதில் தடவித்தான் தீர்த்தேன்.