மழை ஒழுகியது கூரையால் அல்ல

மட்டக்களப்பில் மாரி தொடங்கினால் போதும், மடக்கும் துணிக்கூரை உள்ள என் பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் சீற்றுக்குப் பின்னால் கார்ப்பெற் ஊறிவிடும். 1989இல் வெளிவந்த முதல் தலைமுறை. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்றார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் "மேல் துணி கிழிஞ்சிருக்கும், மாத்துங்க" என்றார்கள். தடவித் தடவிப் பார்த்தேன், கிழிசலே இல்லை.

துணிக்கூரையில் விழும் தண்ணீர் பின்பக்கமாக ஓடி, இரண்டு மூலையிலும் உள்ள ஓட்டைகளில் இறங்கி, குழாய் வழியே காருக்குக் கீழே போகவேண்டும். கார் நிற்பதோ வேப்பமரத்தின் கீழ். துணியை அரைவாசி தூக்கி டோர்ச் அடித்தால், அந்த ஓட்டைகளில் சருகும் மணலும் கறுப்புச் சேறாக இறுகிக் கிடந்தது. போக வழியில்லாத தண்ணீர்தான் உள்ளே வந்திருக்கிறது.

கம்பி விட்டுக் குத்தாதீர்கள், குழாய் கிழிந்துவிடும். காற்றுப் பம்பும் வேண்டாம், மூட்டு கழன்றுவிடும். புல்லு வெட்டும் மெஷினின் நைலோன் நூலை மெல்லமாகச் சுழற்றிச் சுழற்றி இறக்கினேன். பிறகு கோப்பையால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற, முதலில் கறுப்பாக, பிறகு தெளிவாக, பின்சில்லுக்கு முன்னால் நிலத்தில் கொட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்க அவ்வளவு சந்தோஷம்!

கார்ப்பெற்றைக் கழற்றி வெயிலில் காயவிடுவது கட்டாயம். இந்தக் காரில் துரு பிடிப்பது கதவுக்குக் கீழே, பின்சில்லுக்கு முன்னாலுள்ள தகட்டில்தான். கல்லடிப் பக்கத்து உப்புக்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இப்படியான கார் வாங்கப் போகிறவர்கள் பெயின்றைப் பார்க்கமுதல் அந்த இடத்தைத் தட்டிப் பாருங்கள். குழாய் துப்புரவாக்குவதை நான் ஐப்பசிக்கு முன்பே முடித்துவிடுகிறேன்.