கராஜ் கதவு ரிப்பேர்: காசு வீணாகும் இடங்கள்

அமெரிக்காவில் தனி வீடு வாங்கும் நம்மவர்கள் கூரை, ஏசி, வாட்டர் ஹீட்டர் என்று எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். கராஜ் கதவைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆபீஸுக்குக் கிளம்பும் நேரத்தில் கார் உள்ளே மாட்டிக்கொண்ட பிறகுதான் அதன் ஞாபகமே வருகிறது. சில நூறு டாலரில் முடிய வேண்டிய வேலைக்கு ஆயிரத்துக்கு மேல் பில் வருவது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான்.

என்ன உடைந்தது என்று பார்க்காமலே போனை எடுப்பதுதான் இதில் பெரிய தவறு. ஐந்து நிமிடம் கராஜுக்குள் நின்று பாருங்கள். கதவுக்கு மேலே சுவரை ஒட்டி ஓர் இரும்புத் தண்டு போகும், அதில் ஒன்றோ இரண்டோ சுருள்கள் இருக்கும். அதுதான் டார்ஷன் ஸ்பிரிங். இரண்டு கார் நிற்கும் கராஜின் கதவு 150, 200 பவுண்டு கனம் வரும். அந்தப் பாரத்தைத் தாங்குவது இந்த ஸ்பிரிங்தான். கூரையில் தொங்கும் மோட்டாருக்கு இழுத்துவிடும் வேலை மட்டுமே. சுருளின் நடுவில் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் இடைவெளி தெரிந்தால் ஸ்பிரிங் உடைந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் மோட்டார் பட்டனை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், அதுவும் கெட்டுப்போகும். கதவு பாதி திறந்து நிற்கும்போது, மோட்டாரிலிருந்து கதவைப் பிரித்துவிடும் சிவப்புக் கயிற்றை மட்டும் இழுக்கவே கூடாது; மொத்த பாரமும் அப்படியே கீழே வந்து விழும்.

ஸ்பிரிங் நன்றாக இருந்தால், ஆளே தேவைப்படாமல் போகலாம். கதவு ஒழுங்காகத் திறக்கிறது, ஆனால் மூடும்போது பாதியில் திரும்பி மேலே போகிறது, மோட்டார் விளக்கும் மினுக்குகிறது என்றால் முதலில் சென்சாரைப் பாருங்கள். 1993 முதல் அமெரிக்காவில் தயாராகும் வீட்டு ஓப்பனர்களில், அதாவது கதவை இழுக்கும் மோட்டார் பெட்டிகளில், கதவுக்கு அடியில் குழந்தையோ நாயோ சிக்காமல் இருக்க ஒரு பாதுகாப்பு ஏற்பாடு சட்டப்படி கட்டாயம். பெரும்பாலான வீடுகளில் அது தரையிலிருந்து ஆறு அங்குல உயரத்துக்குள், இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும் குட்டிக் கண்கள்தான். ஒட்டடை படிந்தாலோ, துடைப்பம் இடித்து ஒன்று லேசாகத் திரும்பினாலோ கதவு மூடாது. துணியால் துடைத்து, இரண்டின் விளக்கும் மினுக்காமல் எரியும் வரை நேராகத் திருப்பிவிடுங்கள். சந்தேகமாக இருந்தால், கதவுக்கு அடியில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, சுவரில் உள்ள பட்டனைக் கதவு முழுதும் மூடும் வரை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அப்போது மட்டும் மூடுகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் சென்சாரில்தான். இதே போல, சுவர் பட்டன் வேலை செய்து ரிமோட் மட்டும் செய்யவில்லை என்றால், பேட்டரியையும் சுவர்ப் பெட்டியில் இருக்கும், ரிமோட்டை முடக்கிவைக்கும் 'லாக்' பட்டனையும் பாருங்கள். ரிப்பேர் செய்பவர் வீடு தேடி வந்து அந்த லாக்கை எடுத்துவிட்டாலும் விசிட் சார்ஜ் உண்டு.

அடுத்தது, தேடலில் மேலே வரும் முதல் விளம்பரத்தையே கூப்பிடுவது. இந்தத் தொழிலில் போலி முகவரிகளுக்குப் பஞ்சமில்லை. பல ஊர்களில் பல பெயரில் விளம்பரம் போட்டு, போனை எங்கோ ஒரு கால் சென்டரில் எடுத்து, கமிஷனுக்கு யாரையாவது அனுப்புவார்கள். போனில் சொல்லும் சர்வீஸ் சார்ஜ் அடிமாட்டு விலையாக இருக்கும்; மீதியை வீட்டுக்கு வந்து வசூலிப்பார்கள். போனிலேயே, "16க்கு 7 அடி கதவு, ரெண்டு ஸ்பிரிங், ஒண்ணு உடைஞ்சிருக்கு. ரெண்டையும் மாத்த கூலியோட மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். துல்லியமாக இல்லாவிட்டாலும் இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று நேர்மையான கடைக்காரர் சொல்லிவிடுவார். "வந்து பார்த்தாத்தான் சொல்ல முடியும்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னால் அடுத்த கடையைக் கூப்பிடுங்கள். மூன்று பேரிடமாவது கேட்டால்தான் உங்கள் ஊர் விலை பிடிபடும்.

இரண்டு ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றச் சொல்வது ஏமாற்று இல்லை. இரண்டுக்கும் ஒரே வயது, ஒன்று போனால் மற்றதும் சீக்கிரம் போகும். சாதாரண ஸ்பிரிங் 10,000 முறை ஏறி இறங்கும் கணக்கில் செய்யப்படுகிறது. நாளைக்கு நான்கு முறை என்றால் ஏழு வருடம் கூட வராது. எனவே கொட்டேஷனை ஒப்பிடும்போது எத்தனை ஆயிரம் முறை தாங்கும் என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். 10,000க்கும் 25,000க்கும் விலை வித்தியாசம் இருப்பது நியாயம். 'லைஃப்டைம் வாரண்டி' என்ற சொல்லுக்கு மட்டும் மயங்காதீர்கள். பல இடங்களில் அது பொருளுக்குத்தான், அடுத்த முறை மாட்டும் கூலி மறுபடி உங்கள் தலையில்தான்.

வந்தவர் ரோலர், கேபிள், டிரம், பேரிங் எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாக மாற்றச் சொன்னால், ஒவ்வொன்றும் ஏன் என்று தனித்தனியே காட்டச் சொல்லுங்கள். கேபிளில் இழை பிரிந்திருந்தால் கண்ணுக்கே தெரியும், மாற்றத்தான் வேண்டும். ஆட்டம் கண்ட ரோலரும் அப்படித்தான். நன்றாக உருளும் ரோலரை எதற்கு மாற்ற? ஸ்பிரிங் உடைந்த கதவை மோட்டார் தூக்கவில்லை என்பதை வைத்து "மோட்டாரும் போச்சு" என்பதையும் ஏற்காதீர்கள். ஸ்பிரிங் மாற்றிய பிறகு ஓட்டிப் பார்த்தால்தான் அது தெரியும். மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டு, செயின் நகராமல், பெட்டிக்குள் வெள்ளைத் தூள் கொட்டியிருந்தால், தேய்ந்தது அநேகமாக உள்ளே இருக்கும் நைலான் கியர். அதற்காகப் புது ஓப்பனர் வாங்க வேண்டியதில்லை.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 1,000 டாலரோ அதற்கு மேலோ ஆகும் வேலைக்கு மாநில லைசென்ஸ் வேண்டும். அந்த லைசென்ஸ் நம்பரை வாங்கி மாநில கான்ட்ராக்டர் வாரியத்தின் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை.

இத்தனை தொல்லையா, நானே வீடியோ பார்த்து ஸ்பிரிங்கை முறுக்கிவிடுகிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள். முறுக்கேறிய ஸ்பிரிங் கைநழுவினால் இரும்புக் கம்பி முகத்தில் அடிக்கும். சென்சார் துடைப்பதும் எண்ணெய் விடுவதும் நம் வேலை, இது இல்லை.

வேலை முடிந்ததும் உடனே கார்டை நீட்டாதீர்கள். கதவை முழுதும் மூடி, சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரைப் பிரித்து, கையால் இடுப்பளவுக்குத் தூக்கி விட்டுக்காட்டச் சொல்லுங்கள். சரியான ஸ்பிரிங் என்றால் கதவு அங்கேயே நிற்கும். சரசரவென்று இறங்கினாலோ தானாக மேலே ஏறினாலோ முறுக்கு சரியில்லை, அல்லது உங்கள் கதவின் கனத்துக்கு ஒவ்வாத ஸ்பிரிங்கை மாட்டியிருக்கிறார். அதை அங்கேயே சரிசெய்யச் சொல்லி, மறுபடி தூக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.