புல்மேடு தரிசு நிலம் அல்ல

தென்னாப்பிரிக்காவில் செப்டம்பர் முதல் வாரம் மரம் நடும் வாரம். டர்பன் பக்கம் பள்ளிப் பிள்ளைகளும் கோயில் இளைஞர்களும் கன்றுகளோடு கிளம்பினால், வெறும் புல் நிற்கும் மேடுதான் முதலில் கண்ணில் படும். "சும்மா கிடக்கிற இடம்தானே" என்று அங்கே குழி தோண்டிவிடாதீர்கள். நல்ல மனத்தோடு செய்யும் தவறுகளில் என்னை அதிகம் வருத்துவது இதுதான்.

டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணப் புல்வெளியில் புல்லைவிடப் பூச்செடி வகைகளே அதிகம். அவற்றில் பல, தண்டைக் கிழங்காக மண்ணுக்குள் ஒளித்து வைத்து, தீ போன பிறகு துளிர்ப்பவை. மர நிழல் அவற்றைக் கொல்லும். ஒருமுறை உழுதுவிட்டால் புல் திரும்பும். கிழங்குச் செடிகள் பல பத்தாண்டுகள் ஆனாலும் திரும்புவதில்லை. 1860 முதல் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த நம் முன்னோர் வெட்டிய கரும்பு, கரையோரத்துப் புல்லையும் காட்டையும் விழுங்கி வளர்ந்தது. மேலே மூடுபனி மலைப்பக்கத்தை யூகலிப்டஸ், பைன், வாட்டில் மரத் தோட்டங்கள் பிடித்துக்கொண்டன. அங்கே எறும்பும் கரையானும் தின்னும் ஆட்வார்க் என்ற விலங்கு தோண்டிய குழிகளில் கூடு கட்டும் நீலத் தகைவிலான் இன்று தென்னாப்பிரிக்காவில் அழிவின் விளிம்பில் நிற்கிறது.

மிஞ்சிய துண்டுகளின் பரப்பைக் கூட்டிப் பார்த்து நிம்மதி அடைவதும் தவறு. பத்து ஹெக்டேர் துண்டுகள் பத்து சேர்ந்தாலும் நூறு ஹெக்டேர் ஒரே வெளிக்கு ஈடாகாது. துண்டு சிறுக்கச் சிறுக்க ஓரம் கூடும். ஓரம் வழியே உண்ணிச்செடி நுழையும். வீடுகள் நெருங்கியதும் புதரை அடக்கும் தீயை வைக்க முடியாது, புதர் மண்டிவிடும். மெல்ல ஊரும் குட்டைப் பச்சோந்தியால் சாலையைத் தாண்ட முடியாது. 1980களிலிருந்து டர்பன் நகராட்சி திறந்தவெளிகளை வரைபடத்தில் கோத்து வருவது இதற்காகத்தான்.

"செடி இன்னும் பூக்கிறதே" என்பதை நம்பவேண்டாம். நாற்பது வயதுச் செடி, மகரந்தம் சுமக்கும் பூச்சி போன பின்னும் ஆண்டுதோறும் பூக்கும், விதைதான் இருக்காது. இழப்பு ஒரு தலைமுறை தாமதமாகத் தெரியும். பறவைச் சத்தம் கேட்பதும் சான்றாகாது. ஹடீடா என்ற அரிவாள்மூக்கனும் மைனாவும் எங்கும் பிழைக்கும். மைனா வெளியிலிருந்து கொண்டுவந்த பறவை வேறு.

தோட்டத்தில் வெட்டிய தழையை வேலிக்கு அப்பால் வீசாதீர்கள், மலைவேம்பை (சிரிங்கா) முக்கியமாக; அதுவும் வெளியிலிருந்து வந்து பரவும் மரம்.

கன்று நட இடம் வேண்டுமா? முன்பு மரம் நின்ற ஆற்றங்கரையும் பள்ளி வளாகமும் இருக்கின்றன. புல்மேடு என்றால், குளிர்கால முடிவில் எரிந்த சில வாரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். கரிக்கு நடுவே எத்தனை வகைப் பூ என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள்.